எந்த மந்தி

சகலை,
ஆரம்பாக்கத்தில் நாலு சென்ட் வாங்கி
ஆறு போர்ஷன் எழுப்பினால் மாசம் என்ன நிற்கும் என்று
சற்று முன் போனில் கேட்டாய்.
மோட்டாரை நிறுத்த ஓடிக்கொண்டிருந்தேன்.
தொட்டி நிறைந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

அட்வான்ஸ் எத்தனை மாசம் வாங்கலாம் என்றாய்.
கேட்கவேண்டியது, வாங்கின அட்வான்ஸ் எங்கே என்று.
என்னுடையது செப்டிக் டேங்கில் இருக்கிறது,
எட்டு உறையாக, மண்ணுக்குள்.
காலி செய்கிறவனுக்குக் குடிவருகிறவன் கொடுப்பான்.
யாரும் குடிவராத மாசத்தில்
நான் கடைத்தெரு வழியாகப் போவதில்லை.

குழாய் போனால் யார் மாற்றுவது?
இங்கே தண்ணீர் உப்பு.
ஏரிக்காற்று கதவுக் கீலைக்கூடத் தின்கிறது.
உடைந்தால் நீ, உதிர்ந்தால் நான் என்று சட்டம் போட்டேன்.
உடைந்ததா உதிர்ந்ததா என்று
குழாய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு
அரைமணி நேரம் சண்டை.

சுவரில் ஆணி அடித்தால் ஐம்பது ரூபாய் பிடிக்கப்படும்
என்று அட்டையில் எழுதினேன்.
அட்டையை மாட்ட
நானே ஓர் ஆணி அடித்தேன்.

எத்தனை பேர்?
இதில்தான் ஏமாறுவாய்.
இரண்டு பேர் என்றுதான் வந்தான் கீழ்வீட்டுத் திரிநாத் சாஹு,
கஞ்சாம் பக்கத்துப் பையன்,
ஆதார் நகல் இரண்டு, போட்டோ இரண்டு.
வாசலில் பதினோரு ஜோடி செருப்பு.
ஷிஃப்ட் சார், என்றான்.
பகல் ஷிஃப்ட் எழுந்த பாயில்
இரவு ஷிஃப்ட் வந்து படுக்கிறது.
பாய் ஆறுவதே இல்லை.
வகுத்துப் பார்த்தேன்:
எந்நேரமும் உள்ளே இருப்பது ஐந்தரை ஆள்.
அந்த அரை ஆளை
ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

ஒப்பந்தம் பதினோரு மாசத்துக்கு.
ஏன் பதினொன்று என்று பத்திரம் விற்கிறவரைக் கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார்.

போன ஆடியில்
எல்லைக்கு அந்தப்பக்கக் கம்பெனியில் ஒரு லைனை நிறுத்தினார்கள்.
புதன்கிழமை வந்து பார்க்கிறேன், செருப்பு இல்லை.
சாவி மீட்டர் பெட்டிமேல்.
உள்ளே, கவிழ்த்த டம்ளருக்கு அடியில்
கரண்ட் பாக்கி நானூற்றுப் பத்து,
சில்லறையோடு, சரியாக.
அட்வான்ஸ் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இழுத்தடித்திருப்பேன்,
வெள்ளையடித்த கூலி என்று பாதியைக் கழித்திருப்பேன்,
கடைசியில் கொடுத்தும் இருப்பேன்.
கேட்காமல் போனால் என்ன செய்வது?
நம்பர் இருக்கிறது. அடிக்கவில்லை.
நோட்டில் வரவு என்று எழுதப் போனேன்,
அதுவும் வரவில்லை.
மூன்று மாசம் கீழ்வீடு காலி.
தொட்டி மட்டும் வழிந்தது.

இன்னொன்றை நீ கேட்கவே இல்லை,
நான் எங்கே இருக்கிறேன் என்று.
மாடி முன்பக்கம் எங்களுக்கென்று கட்டியதுதான்,
பூஜை அலமாரி, தேசம்மா கேட்ட நீல டைல்ஸ்.
தவணை பதினெட்டாயிரம் தாண்டியதும் அதையும் விட்டாயிற்று.
இப்போது தடாவில், கோட்டய்ய நாயுடு வீட்டின் பின்கட்டில்,
என் மாடிக்கு வருகிற வாடகையில் பாதிக்கு
நாங்கள் குடியிருக்கிறோம்.
சாயங்காலமானால் எல்லை தாண்டி வந்து
என் வீட்டு மோட்டாரைப் போட்டுவிட்டுப் போகிறேன்.
கடைசி ஷேர் ஆட்டோ ஒன்பதரைக்கு.

நிலம் பார்ப்பதென்றால்
மழை பெய்த மறுநாள் போய்ப் பார்.
வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

முதல்நாள் சாமான் இறக்கும்போது
நாயுடு கேட்டருகே நின்று கேட்டார்:
எந்த மந்தி உண்டாரு?
எந்தக் குரங்கு தின்றது என்று கேட்கிறாராக்கும் என
தேசம்மா சிரித்துவிட்டாள்.
எத்தனை பேர் இருப்பீர்கள் என்று அர்த்தம்,
எனக்குத் தெரியும், நான் கேட்காத நாளா?
இரண்டு விரலைக் காட்டினேன்.
அவர் விரலைப் பார்க்கவில்லை.
குனிந்து
வாசலில் நாங்கள் விட்ட செருப்பை
எண்ணிக்கொண்டிருந்தார்.